சின்ன ஒப்பரேசன்தானே?

எங்கட பக்கம் கூடைப்பந்து விளையாடுற ஒருத்தனுக்கு முழங்கால் போனால், பார்க்க வாற எல்லாரும் சொல்லுற வசனம் ஒண்டு இருக்கு. “சின்ன ஒப்பரேசன்தானே மச்சான், ஒரு மாசத்தில வந்திருவாய்.” நானும் சொல்லியிருக்கிறன். சொன்னது பிழை எண்டு இப்ப நினைக்கிறன்.

முதலில் விசயத்தைப் பார்ப்பம். முழங்கால் மூட்டுக்குள்ளே, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில், பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் இருக்கின்றன. மெனிஸ்கஸ் என்பார்கள். பாய்ந்து இறங்கும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பரப்புவது இவைதான். கால் நிலத்தில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் இது கிழியலாம். கூடைப்பந்தில் அப்படித் திரும்பாமல் ஒரு நிமிசம்கூட விளையாட ஏலாது. கிழிந்தால் சின்னத் துளைகள் போட்டு, ஒன்றால் கமெராவும் மற்றதால் கருவியும் விட்டுச் செய்வார்கள். பெரும்பாலும் அண்டைக்கே வீட்டுக்குப் போகலாம். இதுவரைக்கும் ‘சின்ன’ எண்ட சொல் சரிதான்.

ஆனால் உள்ளே செய்வது இரண்டு வகை. கிழிந்த துண்டை வெட்டி எடுக்கலாம், அல்லது தைக்கலாம். வெட்டினால் சில கிழமைகளில் மைதானத்துக்குத் திரும்பலாம். ஆனால் போன மெத்தை போனதுதான், பிற்காலத்தில் மூட்டுத் தேய்வுக்கான வாய்ப்புக் கூடும். தைத்தால் மெத்தை மிஞ்சும், குணமாக மாதக்கணக்காகும். உள்விளிம்புக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் எல்லாக் கிழிவையும் தைக்கவும் முடியாது.

டெரிக் ரோஸை எடுங்கள். 2011இல், 22 வயதில், என்.பி.ஏ.யின் மிகப் பெறுமதியான வீரர் விருதை வென்றவர். 2013 நவம்பரில் அவருடைய வலது முழங்காலில் மெனிஸ்கஸ் கிழிந்தது. தைத்தார்கள், அந்தப் பருவம் முழுவதும் போனது. 2015 பெப்ரவரியில் அதே முழங்கால் திரும்பவும். இந்த முறை வெட்டினார்கள், ஆறு கிழமைக்குள் திரும்பி வந்தார். ஒரே ஆள், ஒரே முழங்கால், இரண்டு கணக்கு.

ஸயன் வில்லியம்சனுக்கு 2019 ஒக்டோபரில் இதே மாதிரி ஒரு ஒப்பரேசன். 6 முதல் 8 கிழமை எண்டார்கள். 19 வயசுப் பொடியன், முழு நாடும் அவன் எப்ப இறங்குவான் எண்டு பார்த்துக்கொண்டிருக்குது. நியூ ஓர்லியன்ஸ் அணி அவசரப்படவில்லை. மூன்று மாதம் கழித்து, 2020 ஜனவரி 22இல்தான் இறக்கினார்கள். அதுவும் 18 நிமிடம் மட்டும். அதற்குள் 22 புள்ளி எடுத்தார். அவரை இருத்தி வைக்கிறதுக்கும் அங்க ஆக்கள் இருந்தார்கள்.

எங்கட ரீமில் ஒரு பொடியன் இருந்தான். படுவான்கரைப் பக்கம் வீடு. ஒப்பரேசன் நல்லா முடிஞ்சுது. காசும் செலவில்லை, அரசாங்க ஆஸ்பத்திரி. மறுகாதான் பிரச்சினை. பயிற்சிக்கு வரச்சொன்ன நாளெல்லாம் ரெண்டு பஸ் மாறி வரவேணும், நொண்டிக்கொண்டு. அம்மா ஒரு நாள் கூட்டி வருவா, அடுத்த நாள் கூலி வேலை. மூண்டு தரம் வந்தான், பிறகு விட்டுட்டான். நோ இல்லையெண்டால் சுகம் எண்டு நினைச்சான். ஒப்பரேசனுக்குப் பிறகு தொடைத் தசை எவ்வளவு கெதியா வத்தும் எண்டு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. அஞ்சாம் கிழமை போட்டி. “வாடா, நிண்டு எறிஞ்சால் காணும்” எண்டு கோல் எடுத்தது வேற யாருமில்லை, நான்தான். வந்தான். ரெண்டாவது கால்பகுதியில் பந்துக்குப் பாய்ந்து இறங்கினவன் எழும்பவில்லை. இப்ப அவன் கல்லடிப் பாலத்தால சைக்கிள் உருட்டிக்கொண்டு நடக்கிறதைப் பார்த்தால் நான் மற்றப் பக்கம் பார்க்கிறன்.

இந்த ஊருக்குக் கூடைப்பந்து புதுசில்லை. ஸயன் விளையாடின அதே லூசியானா மாநிலத்தில் இருந்து வந்த யேசு சபைத் துறவி ஹேபியர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியில் பொடியன்மாருக்கு இந்த விளையாட்டைப் பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். அவர் போன்றவர்கள் வளர்த்த விளையாட்டு யுத்தத்தையும் தாண்டி நிற்குது. பந்து இருக்கு, வளையம் இருக்கு, கத்திக் கைதட்ட சனம் இருக்கு. விழுந்தவனைத் திரும்ப நடக்கப் பழக்கிறதுக்கு மட்டும் ஆளில்லை.

பெரிய ஆஸ்பத்திரி கட்டச் சொல்லி நான் கேட்கேல்லை. ஒரு சட்டம் போதும்: பிசியோதெரபிஸ்ட் எழுத்தில் ‘சரி’ எண்டு தராமல் எந்தப் பாடசாலையும் கழகமும் ஒருத்தரையும் இறக்கக்கூடாது. பயிற்சிக்குப் போய்வர பஸ் காசை ரீம் குடுக்கவேணும். ஜேர்சி அடிக்கக் காசு சேர்க்கிற எங்களுக்கு இது ஏலாத காரியமில்லை.

மற்றது நாங்கள், கூட விளையாடுறவங்கள். “எப்ப வாறாய்?” எண்டு கேட்கிறதை நிப்பாட்டுவம். “இண்டைக்குப் பயிற்சி செய்தியா, நான் கூட வரட்டா?” எண்டு கேட்பம். நான் அதைத்தான் அண்டைக்குக் கேட்டிருக்கவேணும்.