கத்தி படாத சிகிச்சையும் அடுத்த தவணையும்

பிறந்து சில நாள்களே ஆன குழந்தைக்கு இதயக் குறைபாடு உள்ளதென்று அறிந்தவுடன் பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "கத்தி வைக்காமல் முடியுமா, டாக்டர்?" அக்கேள்வியில் தவறில்லை. மூன்று கிலோ கூட நிறையாத உடலில் நெஞ்சைத் திறப்பதை எந்தத் தாய் விரும்புவாள்? தொடையிடுக்கில் ஓடும் இரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தை எட்டி, உள்ளிருந்தே பணியை முடிக்கும் முறை இன்று கோவையிலும் சென்னையிலும் கிடைக்கிறது. ஆயினும் அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி உண்டு என்பது என் கருத்து. இச்சிகிச்சை நோயைத் தீர்க்கிறதா, அல்லது அடுத்த சிகிச்சை வரையில் குழந்தைக்குக் காலம் வாங்கித் தருகிறதா?

தீர்த்துவிடும் சிகிச்சைகள் உண்டு. கருவறையில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் சிறு நாளம் ஒன்று, பிறந்த சில நாள்களில் தானே மூடிக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளிடம் அது பல வேளைகளில் மூடுவதில்லை. அந்த நாளத்தை அறுவை முறையில் முதன்முதலாக வெற்றியுடன் கட்டியவர் பாஸ்டன் நகரின் ராபர்ட் கிராஸ், ஆண்டு 1938. இன்று அதே வேலையை ஒரு பட்டாணியினும் சிறிய கருவி செய்கிறது. 700 கிராம் எடையும் மூன்று நாள் வயதும் உள்ள குழந்தைக்கே பொருத்தத்தக்க 'பிக்கோலோ' என்னும் கருவிக்கு அமெரிக்க அரசு 2019 சனவரியில் ஒப்புதல் வழங்கியது.

இக்கருவியின் அமைப்பை நம் ஊர் மக்களுக்கு விளக்குவது எளிது; அது ஒரு பின்னல். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகத்தின் நுண்ணிழைகளைப் பின்னி உருவாக்குகிறார்கள். குழாய்க்குள் இழுத்தால் நூல்போல் நீளும். வெளியே தள்ளினால் தன் பழைய வடிவுக்கு மீளும். பெரிய குழந்தைகளுக்கான கருவிகள் பலவற்றில் உட்புறம் பாலியெஸ்டர் துணி வைத்துத் தைத்திருப்பார்கள், இரத்தம் அதில் உறைந்து வழி அடைபடுவதற்காக. மிகச் சிறிய கருவியில் துணி இல்லை. இருந்தால் அவ்வளவு மெல்லிய குழாய்க்குள் அது நுழையாது. நாளடைவில் கருவியின்மேல் உடலின் சொந்தத் திசு படர்ந்துவிடும். அதன்பின் தேவைப்படுவது அவ்வப்போதைய எக்கோ பரிசோதனை மட்டுமே. நுரையீரல் வால்வு இறுகிப் பிறக்கும் குழந்தைக்குப் பலூன் கொண்டு வால்வை விரிப்பதும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே. சிலருக்கு மட்டும் மீண்டும் ஒருமுறை விரிக்க நேரிடும்.

ஆனால் பிறந்த குழந்தைகளுக்குக் கதீட்டர் வழியாகச் செய்யப்படும் முக்கியமான சிகிச்சைகளுள் இரண்டு நோயைத் தீர்ப்பவை அல்ல. பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தையின் உடலுக்குத் தூய இரத்தம் சென்று சேர்வதில்லை. பிலடெல்பியாவின் வில்லியம் ராஷ்கிண்ட் 1966-இல் ஒரு வழி கண்டார். பலூன் ஒன்றை இதயத்தின் மேலறைக்குள் கொண்டுசென்று, விரித்து, இரு மேலறைகளுக்கு இடையேயுள்ள சுவரின் ஊடே வெடுக்கென்று இழுத்துத் துளையைப் பெரிதாக்கினார். துளையை அடைப்பதற்கே மருத்துவர் இருக்கிறார் என எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்கும்! நீலம் பாய்ந்த குழந்தை சில நிமிடங்களில் நிறம் மாறுவதைக் காணலாம். எனினும் தமனிகள் இன்னும் தவறான இடத்திலேயே உள்ளன. சில வாரங்களுக்குள் அவற்றை இடம் மாற்றும் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும்.

மற்றொன்று ஸ்டென்ட். நுரையீரலுக்கு இரத்தம் செல்லும் முறையான வழி அடைபட்டுப் பிறக்கும் குழந்தைக்கு, மேற்சொன்ன அந்தச் சிறு நாளமே உயிர்வழி. அது மூடினால் ஆபத்து. முதலில் புரோஸ்டகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றித் திறந்து வைக்கிறோம். அம்மருந்தை வீட்டில் தொடர இயலாது. ஆகவே, பெரியவர்களின் மாரடைப்புக்குப் பயன்படும் அதே சிறு ஸ்டென்டை, நான்கு மில்லிமீட்டர் அளவில், நாளத்தில் பொருத்துகிறோம். குழந்தை வளரும், ஸ்டென்ட் வளராது. சில மாதங்களில், பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள், இந்த அளவு போதாமற் போகும். அப்போது அடுத்த கட்ட அறுவை சிகிச்சை வேண்டும்.

திருப்பூர்ப் பகுதியில் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். ஸ்டென்ட் வைத்த குழந்தை பால் குடிக்கிறது, சிரிக்கிறது, எடை கூடுகிறது. மார்பில் தழும்பும் இல்லை. பார்ப்பவர் எவரும் நோய் தீர்ந்தது என்றே நினைப்பர். இங்கே பனியன் கம்பெனிகளில் பணிபுரியும் குடும்பங்கள் பல வெளியூரைச் சேர்ந்தவை. தலைப்பிரசவம் தாய்வீட்டில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ இங்கு வருகை, ஆர்டர் குறைந்தால் மீண்டும் ஊர்ப்பயணம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர்க்கு இத்தொலைவு இன்னும் அதிகம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணிக் குடும்பம் நடத்துபவர், நலமாகத் தோன்றும் குழந்தையுடன் ஒரு முழுநாளைக் கோவையில் கழிப்பது எளிதன்று. ஆகையால் பெற்றோரைக் குறைகூறுவதில் பயனில்லை. பிள்ளையைத் தேடிப் பின்தொடரும் ஏற்பாடு வேண்டும்.

கேரள அரசு 2017-இல் தொடங்கிய 'ஹிருதயம்' திட்டத்தில் இதயக் குறைபாடுள்ள குழந்தைகளை இணையவழியே பதிவு செய்து, அவசரத்தின் அளவுக்கேற்ப வரிசைப்படுத்துகிறார்கள். நம் மாநிலத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குழந்தைகளின் இதயச் சிகிச்சைக்கு உதவுகிறது; அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழுக்களும் உள்ளன. முதற்சிகிச்சை முடிந்த ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அக்குழுக்களின் கையில் சேர வேண்டும் என்பேன். புதிய கருவி வாங்குவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

'ஓட்டை' என்ற சொல்லைக் கேட்டு அஞ்சி, உடனே கருவி வைக்கும்படி வற்புறுத்துவோரும் உண்டு. கீழறைச் சுவரில் உள்ள சிறு துளைகள் பல தாமாகவே மூடிக்கொள்கின்றன. அங்கே காத்திருப்பதே சிகிச்சை. மருத்துவர் "பார்க்கலாம்" என்று சொன்னால், அதைப் புறக்கணிப்பு என்று கொள்ளாமல், மறுபரிசோதனை எந்த நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நாளத்தில் ஸ்டென்ட் உள்ள குழந்தையின் பெற்றோர்க்கு மட்டும் சில சொற்கள். தினமும் தரும் ஆஸ்பிரின், ஸ்டென்டில் இரத்தம் உறையாமல் காக்கிறது. எம்மைக் கேளாமல் நிறுத்த வேண்டாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடலில் நீர் வற்றினால் ஸ்டென்ட் அடைபடக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் அன்றே வாருங்கள். உதடும் நகமும் முன்னைவிட நீலமாகத் தோன்றினாலோ, பால் குடிக்கையில் மூச்சிரைத்து வியர்த்தாலோ அவ்வாறே.

வீடு திரும்பும்போது கொடுக்கும் சீட்டில் கருவியின் பெயர், அளவு, பொருத்திய நாள், அடுத்த சிகிச்சைக்குரிய மாதம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில் கேட்டு எழுதச் செய்யுங்கள். பதிவேட்டில் இங்குள்ள முகவரியுடன் தாய்வீட்டு முகவரியையும், இரு இடங்களிலும் எடுக்கக்கூடிய தொலைபேசி எண்களையும் தாருங்கள். ஊர் மாறுவதாயின் முன்கூட்டியே சொல்லுங்கள். அவ்வூருக்கு அருகிலுள்ள இதய மருத்துவருக்குக் கடிதம் எழுதித் தருகிறோம்.