வண்டியும் ஒரு கிட்டங்கிதான்



மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் நாலு பருப்பை மோந்து பார்த்தே சரக்கு புதுசா பழசா என்று சொல்லிவிடுபவர்கள் நாம். கிட்டங்கிச் சுவரில் ஈரம் ஏறினால் அன்றே மூட்டைகளை நகர்த்திப் போடுகிறோம். தரையில் கட்டை போடாமல் அடுக்க விடுவதில்லை. இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், அதே மூட்டையைக் கடைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டியின் உட்புறத்தை எப்போதாவது குனிந்து பார்த்திருக்கிறோமா? நாங்கள் பார்த்ததில்லை. அதனால் பட்டதை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. எங்கள் தெருவில் நின்ற வெள்ளம், வாசலில் நிறுத்தியிருந்த காருக்குள்ளும் ஏறி மிதியடிகளை மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்தபின் மெக்கானிக்கை அழைத்துப் பார்த்தோம். எஞ்சினுக்குப் பழுதில்லை என்றார். வாட்டர் வாஷுக்கு விட்டோம். நுரை போட்டுக் கழுவி, உள்ளே சென்ட் அடித்து, மறுநாளே பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்களுக்கும் திருப்தி. சரக்கு ஆட்டோ பழுதாகிக் கிடந்ததால், பக்கத்துக் கடைகளுக்குப் போகவேண்டிய மூட்டைகளை இந்தக் காரின் டிக்கியில் வைத்தே அனுப்பிவந்தோம்.

பத்து நாளில் காருக்குள் லேசாக ஒரு வாடை. ஈரச் சாக்கு வாடை. நமக்குத் தெரியாத வாடையா அது? தெரிந்தும், வாசனை டப்பா ஒன்றை வாங்கி முன்னால் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம். வண்டி ஓட்டும் தம்பி அடிக்கடி தும்மிக்கொண்டிருந்தார். மழைக்காலச் சளி என்று நினைத்துக்கொண்டோம்.

2024 பொங்கலுக்குக் கடை அடைக்கும் அவசரத்தில் ஒரு மூட்டை நிலக்கடலைப் பருப்பு டிக்கியிலேயே தங்கிவிட்டது. விடுமுறை முடிந்து ஐந்தாம் நாள்தான் அது உரிய கடைக்குப் போய்ச் சேர்ந்தது. முப்பது வருஷமாக எங்களிடம் வாங்கும் சில்லறை வியாபாரி அவர். அன்று மாலையே போன் செய்தார்: "அண்ணாச்சி, மூட்டைக்கு அடியில பருப்பு கட்டி தட்டியிருக்கு. பச்சையா பூத்திருக்கு. உங்க கிட்டங்கியிலருந்து இப்படி ஒரு சரக்கு வந்ததே இல்லியே?"

கிட்டங்கி முழுவதையும் புரட்டினோம். ஒரு குற்றமும் இல்லை. கடைசியில் டிக்கியின் விரிப்பைத் தூக்கினால், ஸ்டெப்னி கிடக்கும் குழியில் வெள்ளத் தண்ணீர் கருத்துப்போய்த் தேங்கி நிற்கிறது. விரிப்பின் அடியில் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். முன் இருக்கைக் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயும் அதே கதை. மேலே கை வைத்தால் காய்ந்ததுபோல் இருக்கிறது. அடியிலுள்ள பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது.

திரும்பி வந்த மூட்டையை என்ன செய்வது என்று கடையில் பேச்சு வந்தது. "மேல் பருப்பு நல்லாத்தானே இருக்கு, வெயில்ல போட்டு நல்ல சரக்கோட கலந்திரலாம்" என்று ஒருவர் சொன்னார். ஒரு நிமிடம் எங்களுக்கும் சபலம் தட்டியது உண்மை. ஆனால் நிலக்கடலையில் பூக்கும் சில பூசணங்கள் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துவிழுந்ததற்குக் காரணம் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குத் தீவனம்தான். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இந்த நஞ்சு வெயிலில் உலர்த்தினாலும் போகாது, வறுத்தாலும் முழுதாக அழியாது. எங்கள் மூட்டையில் அது இருந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முழு மூட்டையையும் ஒதுக்கி, குழி வெட்டிப் புதைத்தோம். நஷ்டம் எங்களுடையது, தவறும் எங்களுடையதே.

பிறகு வண்டிக்கு வந்தோம். இதில் நாங்கள் கற்றதை முறைப்படி சொல்கிறோம்.

முதலில், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளம் வந்தால்தான் பூசணம் என்பதில்லை. ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாயில் தூசி அடைத்தால் அந்தத் தண்ணீர் முன் இருக்கையின் காலடியில் இறங்கும். முன் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் வேப்பிலைச் சருகு சேர்ந்தால் மழைநீர் வழிதெரியாமல் உள்ளே வரும். கதவு ரப்பர், டிக்கி ரப்பர், பின் விளக்கின் ரப்பர் ஆகியவை வெடித்திருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் துடைப்பது, ஓட்டைக் கூரைக்குக் கீழே தரையைத் துடைப்பது போலத்தான்.

இரண்டாவது, வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் திறந்துவைத்து வேலை செய்ய வேண்டும். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஆஸ்துமா, இழுப்பு உள்ளவர்கள் கிட்டேயே வரக்கூடாது. காய்ந்த பூசணத்தை வறட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் அதன் தூள் வண்டி முழுக்கப் பறந்து படியும். சுத்தம் செய்து முடிக்கும்வரை ஏ.சி. விசிறியைப் போடக்கூடாது.

மூன்றாவது, மிதியடி, விரிப்பு, ஸ்டெப்னி எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். இருக்கையைக் கழற்ற நேர்ந்தால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. இப்போதைய கார்களில் இருக்கைக்கு அடியில் ஏர்பேக் ஒயர்கள் ஓடுகின்றன. கார்பெட்டின் அடியிலுள்ள பஞ்சு நாள்பட்டு நாறிப்போயிருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். அதைக் காப்பாற்றப் பார்த்து நாங்கள் ஒரு வாரத்தை வீணாக்கினோம்.

நான்காவது, துடைப்பது. பிளாஸ்டிக், ரெக்ஸின் பகுதிகளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு வெள்ளை வினிகரால் துடைத்து, சற்று நேரம் விட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துணி இருக்கைக்குத் தண்ணீரைக் கொட்டக்கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்தபின் வாக்குவம் கிளீனர் போடலாம். சீட் பெல்ட்டுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். பிளீச் பட்டால் பெல்ட்டின் நூல் வலுவிழக்கும்.

பிளீச்சிங் பவுடர் நம் கடையிலேயே இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அது துணியையும் பஞ்சையும் வெளுக்குமே தவிர, உள்ளே இறங்கிய பூசணத்தை ஒழிக்காது. அதைவிட முக்கியம், பிளீச்சையும் வினிகரையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். காருக்குள் உட்கார்ந்து அதைச் சுவாசிப்பது உயிருக்கே ஆபத்து. பிளீச்சோடு அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். உங்களிடம் இவற்றை வாங்கும் வாடிக்கையாளருக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

ஐந்தாவது, உலர்த்துவது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறோம். இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும். வெயில் இல்லையென்றால் பெடஸ்டல் விசிறியை வைத்து ஓடவிட வேண்டும். உலர்ந்துவிட்டதா என்று அறிய நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். கார்பெட்டின் அடியில் பழைய செய்தித்தாளை மடித்து அழுத்தி இரவு முழுக்க வைப்போம். காலையில் தாள் மொறுமொறுவென்று வந்தால் சரி. துவண்டு வந்தால் இன்னொரு நாள் காயவேண்டும். கடைசியாக ஏ.சி. காற்று வடிகட்டியை மாற்றி, தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்தபின் ஏ.சி. போடலாம். வீடு சேர இரண்டு நிமிடம் இருக்கும்போது ஏ.சி.யை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிடும் பழக்கம் நல்லது. உள்ளேயிருக்கும் ஈரம் உலர்ந்துவிடும்.

எந்தப் பொருள் நனைந்தாலும் ஓரிரு நாளுக்குள் உலர்த்திவிட்டால் பூசணம் பெரும்பாலும் பிடிக்காது. அன்று சென்ட் அடித்ததற்குப் பதிலாகக் கார்பெட்டைத் தூக்கியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. வாடையை மறைத்தோம், ஈரத்தை விட்டுவிட்டோம்.

சரக்கு ஏற்றும் வண்டிக்குச் சில விதிகளை எங்கள் கடையில் இப்போது கண்டிப்பாக வைத்திருக்கிறோம். எந்த மூட்டையும் வண்டித் தரையில் நேராக உட்காரக்கூடாது; அடியில் பிளாஸ்டிக் பலகை வேண்டும். இரவில் வண்டிக்குள் சரக்கு தங்கக்கூடாது. குறிப்பாக உப்பும் வெல்லமும் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிபவை என்பது நமக்குப் புதிதல்ல. ஒரு உப்பு மூட்டை மழைக்காலத்தில் ஒரு ராத்திரி டிக்கியில் கிடந்தால் விரிப்பு நனைந்துவிடும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-இன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டு விதிமுறைகளும் உணவுப்பொருள் ஏற்றும் வாகனம் சுத்தமாக இருக்கவேண்டும் என்றே சொல்கின்றன. அதிகாரி வந்து சொல்லும்வரை நாம் காத்திருப்பது நமக்குப் பெருமையல்ல.

சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆனால் அன்றுகூட உள்ளே விரிப்பைத் தூக்கிப் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வரும் நாள் அது. எந்த மதத்தவர் கடை வண்டியானாலும், அந்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, உறுப்பினர்கள் எல்லோரும் வண்டியின் விரிப்பு, ஸ்டெப்னிக் குழி, ஏ.சி. குழாய், கதவு ரப்பர் ஆகியவற்றைப் பார்த்து முடிப்பது என்று சங்கம் முடிவெடுக்க வேண்டும். அரை நாள் வேலை, செலவு சொற்பம்.

அந்தச் சில்லறை வியாபாரி இன்றும் எங்களிடம்தான் வாங்குகிறார். ஆனால் மூட்டை இறங்கியதும் முதலில் அடிப்பக்கத்தைப் புரட்டி மோந்து பார்க்கிறார். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. முப்பது வருஷமாக அவர் அப்படிப் பார்த்ததே இல்லை என்பதுதான் நினைக்கும்போது உறுத்துகிறது.