பேக்கேஜ் கேட்போம், பிழைப்பைக் கேட்க மாட்டோம்

புனேயில் நம்மாட்கள் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தால் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு புத்தர் இருப்பார். ஆபீஸ் வரவேற்பிலும் இருப்பார். அவ்வப்போது யாராவது வந்து எல்லோரையும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். அரை மணி கழித்துக் கண்ணைத் திறந்தால் அதே டெட்லைன்.

அந்த மனுஷர் மூச்சோடு நிறுத்தவில்லை ஐயா! எண்வழிப் பாதையில் நல்ல பிழைப்பு ஐந்தாவது. மூச்சு சமாச்சாரம் வருவது ஏழாவதில். வரிசையாக ஏறும் படிக்கட்டு இல்லைதான். அதற்காக ஏழை மட்டும் உருவிக்கொண்டு ஐந்தைக் குப்பையில் போடலாமா?

ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, விஷம். இந்த ஐந்தையும் விற்றுப் பிழைக்காதே என்கிறது அங்குத்தர நிகாயம். (இறைச்சியில் எனக்கு உடன்பாடில்லை. பிச்சையில் விழுந்த கறியைப் பிக்கு சாப்பிடலாமாம், விற்றவர் மட்டும் பாவியா?) பட்டியலில் சூது இல்லையே என்று துள்ள வேண்டாம். ராஜகிருகத்தில் சிகாலன் என்ற குடும்பஸ்தப் பையனுக்குச் சொன்ன உபதேசத்தில் சூதாடுபவனுக்கு ஆறு கேடுகள் வருகின்றன. ஜெயித்தால் பகை, தோற்றால் புலம்பல் என்று போய், கடைசிக் கேடு என்ன தெரியுமா? அவனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

நாம் கொடுத்தோம். ஆடுகிறவனுக்கு இல்லை, ஆட வைக்கிறவனுக்கு. ரம்மி ஆப்புக்கு கோட் எழுதும் மாப்பிள்ளை என்றால் "பேக்கேஜ் எவ்வளவுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஊரில் அதே ரம்மியில் கடனாகி உயிரை விட்டவர்களின் செய்தி வந்துகொண்டே இருந்தது. 2023-ல் தமிழ்நாட்டில் அதற்கென்று சட்டமே வந்தது. அப்போதும் நமக்கு உறைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து பாராளுமன்றம் சட்டம் போட்டபோது வீடுகளில் கேட்ட குரல் என்ன? "ஐயோ, பையனுக்கு வேலை போயிடுமா?"

அவன் வெறும் சம்பளக்காரன், ஹவுசிங் லோன் இருக்கு, என்ன பண்ணுவான் என்பீர்கள். புத்தர் ஒன்றும் பணத்துக்கு எதிரியில்லை. சம்பாதித்ததை நாலாகப் பிரி, ஒன்றை அனுபவி, இரண்டைத் தொழிலில் போடு, ஒன்றை ஆபத்துக்கு வை என்று சிகாலனிடம் கணக்கே போட்டுக் கொடுத்தவர். அனாதபிண்டிகர் என்ற பெரும் வியாபாரியிடம் இல்லறத்தானுக்கு நாலு சுகம் என்றார். பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடனில்லாமல் இருப்பது, பழியில்லாமல் இருப்பது. முதல் மூன்றும் சேர்ந்தாலும் கடைசியில் பதினாறில் ஒரு பங்குக்கு ஈடாகாதாம். நாம் முதல் இரண்டோடு கிருகப்பிரவேசம் நடத்திவிட்டு, மூன்றாவதை பேங்கில் அடகு வைத்து, அதையே சாக்காகச் சொல்லி நாலாவதையும் விடுகிறோம்.

முதலாளிக்கும் அதே உபதேசத்தில் இருக்கிறது: சக்திக்கேற்ற வேலை கொடு, சோறும் கூலியும் கொடு, நோயில் பார்த்துக்கொள், நேரத்துக்கு வீட்டுக்கு விடு. இதை எந்த ஹெச்.ஆர். ஸ்லைடிலாவது பார்த்திருக்கிறீர்களா?

அடுத்த வரன் வரும்போது பேக்கேஜுக்கு முன்னால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "தம்பி, உங்க கம்பெனி யாருக்கு என்னத்த விக்குது?" பையன் பதில் சொல்வதற்குள் தரகர் பேச்சை மாற்றுகிறாரா என்று கவனியுங்கள் :-)