விலைப்பலகையில் இல்லாத சோறு

ஏற்காட்டை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று சொல்வதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். அதே வாய்கள் இந்த மலையின் சாப்பாட்டுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கின்றன: இல்லாதவன் சோறு. களியும் சாமைச் சோறும் தினை மாவும் நெல்லுச் சோற்றுக்கு வக்கில்லாதவன் வயிற்றை நிரப்பிக்கொள்ளத் தின்றவை. கையில் நாலு காசு வந்ததும் விட்டுவிட்டான். அதில் ருசியும் இல்லை, பக்குவமும் இல்லை. சேலம் ஜில்லாவில் மலையிலும் சமவெளியிலும் ஊறிப்போயிருக்கும் நம்பிக்கை இது. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் களி போட்ட வீடு என்று எந்த வீட்டைப் பற்றியாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஐம்பது வயது வரை நானும் இதை நம்பியவன்தான். இது பொய் என்று இப்போது எழுதுகிறேன்.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு மதியம் மாரமங்கலம் பக்கம் போயிருந்தேன். ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிதான். ஆனால் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறவர்களின் கண்ணில் படாத பக்கம். காபித் தோட்டம், அதற்கு மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி. சாலையோரம் தகரம் வேய்ந்த ஒரு சின்ன ஓட்டல். விலைப்பலகையில் பரோட்டா, முட்டை தோசை, தக்காளி சாதம், டீ. பின்பக்கம் அடுப்பில் வேறு ஏதோ கொதிக்கும் வாசனை. என்ன என்று கேட்டேன். “அது எங்களுக்குங்க சார். ராகிக் களியும் மொச்சைக் குழம்பும். நீங்கள்லாம் சாப்பிட மாட்டீங்க” என்றார் கடைக்கார அக்கா. “போடுங்கக்கா” என்றேன். நம்பாமல்தான் போட்டார்.

உருண்டையின் நடுவில் குழி பறித்து, மொச்சைக் குழம்பை ஊற்றி, கிள்ளி, மெல்லாமல் விழுங்க வேண்டும். பாட்டி சொல்லிக்கொடுத்தது விரலில் இருந்தது. களி சூடாக, பிசுபிசுப்பு இல்லாமல், கட்டி தட்டாமல் இறங்கியது. பிறகு ஒரு கை சாமைச் சோறும் கீரைக் கடைசலும். எழும்போது காசு கேட்டேன். டீக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். “களிக்கு எதுக்குங்க சார் காசு? அதுக்கு என்னன்னு வெலை சொல்றது?”

விருந்தோம்பல் என்று இதைப் பாராட்டிவிட்டு வரலாம். என்னால் முடியவில்லை. பரோட்டாவுக்கு விலை சொல்லத் தெரிந்த கைக்கு, அதைவிட மும்மடங்கு வேலை வாங்கிய களிக்கு விலை சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் அவர் பிறக்கும்போது கொண்டுவந்ததா? நாம் கொடுத்தது.

அன்று எனக்கு நினைவுக்கு வந்த ஊர் பெர்ன். மகளைப் பார்க்க சுவிட்சர்லாந்து போயிருந்தபோது அங்கே ஓர் உணவகத்தில் ரோஸ்டி சாப்பிட்டோம். உருளைக்கிழங்கைத் துருவி வெண்ணெயில் மொறுமொறுவென்று வார்த்த தட்டையான அடை, அவ்வளவுதான். அதைத் தட்டில் வைத்தபோது பரிமாறியவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. அந்தச் சமையலறையில் வேலை செய்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். 1983-க்குப் பிறகு போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர் பலருக்கு அந்த நாட்டு உணவகச் சமையலறைகள்தான் முதல் வேலை கொடுத்தன. தமிழ் கேட்டு வெளியே வந்தவர் சொன்னார்: “இது இஞ்சத்தைக் கமக்காரர் விடிய எழும்பித் தின்ட சாப்பாடு ஐயா. இப்ப பாருங்கோ, வெள்ளை மேசைத் துணி விரிச்சுக் குடுக்கினம்.”

பெர்ன் வட்டாரக் குடியானவர்களின் காலைச் சாப்பாடு அது. இன்று ஜெர்மன் பேசும் பகுதிக்கும் பிரெஞ்சு பேசும் பகுதிக்கும் இடையிலான வேறுபாட்டையே அந்த நாட்டார் ‘ரோஸ்டிப் பள்ளம்’ என்ற பெயரில் குறிப்பிடுகிறார்கள். ஒரு நாடு தன் மொழி எல்லைக்கு ஏழைச் சாப்பாட்டின் பெயரை வைத்துக்கொண்டு கூச்சப்படாமல் இருக்கிறது.

தெற்கே, இத்தாலி மொழி பேசும் டிச்சினோ மாநிலத்தில் போலெண்டா. செப்புக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கவிட்டு, மக்காச்சோள மாவைத் தூவி, மரக்கோலால் முக்கால் மணி நேரம் கிண்டுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டால் என் பாட்டி துடுப்புப் போடும் சத்தம். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வருவதற்கு முன் வட இத்தாலியில் இந்தக் கூழைத் தினையிலும் பனிவரகிலும்தான் கிண்டினார்கள் என்பதைப் பின்னால் படித்தேன். நம் களியின் ஒன்றுவிட்ட உறவு! அதுவும் சாதாரண அவப்பெயர் சுமந்த உறவு இல்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் போலெண்டாவைத் தவிர வேறெதுவும் கிடைக்காத வட இத்தாலிய உழவர்கள் பெல்லக்ரா நோய் வந்து தோல் வெடித்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள். நோயோடும் பசியோடும் சேர்த்துப் பேசப்பட்ட சாப்பாடு. அதை இன்று மலைக் கல்வீட்டு உணவகங்களில், அந்த வட்டார உணவு இதுதான் என்று சொல்லிப் பரிமாறுகிறார்கள். களி யாரையும் கொன்றதாக வரலாறு இல்லை. ஆனாலும் அதைப் பின்கட்டில் ஒளித்து வைத்திருக்கிறோம்.

சுவிஸ்காரர்கள் பிறவியிலேயே தன்மானிகள் என்று நான் சொல்லவரவில்லை. ஃபோண்ட்யூ என்ற பாலாடைக்கட்டிக் குழம்பு நாடு முழுவதற்கும் உரிய உணவாக ஆனதில், 1914 முதல் 1999 வரை அங்கே பாலாடைக்கட்டி வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த சங்கத்தின் விளம்பரத்துக்குப் பெரிய பங்குண்டு. தேங்கிய சரக்கை விற்க வேண்டியிருந்தது, விற்றார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் பேசி, ஒவ்வொரு மாநிலத்திலும் ஊர்க்காரர்கள் செய்யும் ரொட்டி, தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி என ஏறக்குறைய 400 பண்டங்களின் வரலாற்றை எழுதி 2008-ல் பட்டியலாக முடித்தார்களே, அது விளம்பரம் இல்லை. ஒரு பண்டத்தை யார் செய்தார், எதில் செய்தார், எப்போது தின்றார் என்று உட்கார்ந்து கேட்டு எழுதிய வேலை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சாப்பாட்டை அப்படி உட்கார்ந்து கேட்டது யார்?

இனி அந்த நம்பிக்கைக்கு வருகிறேன். முதலில் விலைக் கணக்கு. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். சேலம் கடைவீதியில் தீட்டிய சாமை என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண அரிசியைவிட அதிகம்தான் சொல்வார்கள். காசில்லாத வீட்டில் இன்று உலையில் கொதிப்பது அரிசி. சாமை வாங்கச் சம்பளம் வேண்டும். ‘இல்லாதவன் சோறு’ என்ற பேச்சு கடைக்காரரின் தராசு முன்னாலேயே நிற்காது.

அடுத்தது பக்குவம். நெல் ஆலைக்குள் போனால் அரிசியாக வந்துவிடும். சாமையின் தவிடும் உமியும் அவ்வளவு எளிதில் விடுகிறவை இல்லை. கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிய மணி. உரலில் போட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும், கல் அரிக்க வேண்டும். ஓங்கிக் குத்தினால் மணி நொறுங்கிவிடும், மெதுவாகக் குத்தினால் உமி போகாது. களிக்கு நொய் வேகும் பதம், மாவு கொட்டும் நேரம், அடுப்பைத் தணிக்கும் கணம், துடுப்பைச் சுழற்றும் வேகம் எல்லாம் கைக்குத் தெரிய வேண்டும். ஒரு நிமிடம் பிசகினால் உள்ளே வெள்ளை மாவு நிற்கும். இதைப் பக்குவம் தெரியாதவர்களின் சாப்பாடு என்று சொல்கிறவர் ஒரு தரம் கிண்டிப் பார்க்கட்டும்.

அப்படியானால் ஏன் விட்டார்கள்? இங்கேதான் அந்த நம்பிக்கை செய்யும் பெரிய கெடுதல் இருக்கிறது. ருசி இல்லை, விட்டார்கள் என்று சொல்லி அது உண்மைக் காரணங்களை மூடிவிடுகிறது. உலக்கை பிடித்தவர்கள் பெண்கள். எஸ்டேட்டில் பகல் முழுக்கக் காபிப் பழம் பறித்துவிட்டு வந்து, இரவில் உரலைப் பிடிக்க யாருக்குத் தெம்பு இருக்கும்? இலவச அரிசி வந்தபோது அந்தப் பெண்கள் உலக்கையைச் சாத்தி வைத்தார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தையும் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வெறுத்தது சாமையை இல்லை, உலக்கையை. ஊருக்கு ஓர் உமி நீக்கும் இயந்திரம் வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பக்கத்துக் கொல்லிமலையில், சவ்வரிசி ஆலைகளுக்காகப் போட்ட மரவள்ளி சாமைக் காடுகளைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்க் குழுக்களோடு சேர்ந்து அப்படிப்பட்ட இயந்திரங்களை வைத்துப் பார்த்தது. உலக்கை வேலை குறைந்ததும் சாமை மறுபடி அடுப்பேறியது.

காபிக்கு என்ன குறை வைத்தோம்? 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே கொண்டுவந்த செடி அது. அதற்குச் சட்டம் உண்டு, 1942 முதல் வாரியம் உண்டு, ஆராய்ச்சி நிலையம், நாற்று, மானியம் எல்லாம் உண்டு. நல்லதுதான், காபி இந்த மலைக்குக் கூலி கொடுத்தது. ஆனால் காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து, பெரியண்ணன் சேர்வராயனிலும், நடு அண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லியிலும் குடியேறினார்கள் என்று சொல்லும் மலையாளிப் பழங்குடிகள், காபி வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து விதைத்த தானியத்துக்கு எந்த வாரியமும் கிடையாது. அரசு ஆவணத்தில் அதற்கு நெடுங்காலம் இருந்த பெயரே ‘கரடுமுரடான தானியம்’ என்ற பொருள் தருவது. 2018-ல்தான் அதை ‘ஊட்டத் தானியம்’ என்று மாற்றினார்கள்.

இந்த வழக்கு பழையதும்கூட. பதினாறாம் நூற்றாண்டில் கன்னடத்தில் கனகதாசர் ‘ராமதான்ய சரித்ரே’ என்று ஒரு காவியமே எழுதினார். உயர்ந்தது நெல்லா கேழ்வரகா என்று ராமன் சபையில் சண்டை. இரண்டையும் ஆறு மாதம் அடைத்து வைக்கச் சொல்கிறான் ராமன். திறந்து பார்த்தால் நெல் கெட்டிருக்கிறது, கேழ்வரகு அப்படியே இருக்கிறது. எந்தத் தானியம் யாருடைய தட்டில் இருக்கிறது என்பதை வைத்து மனிதரைத் தாழ்த்துகிறவர்களுக்கு அன்றே அவர் கொடுத்த பதில். குதிரில் வருடக்கணக்கில் கெடாமல் கிடந்து பஞ்ச காலத்தில் காப்பாற்றிய தானியத்துக்கு, பஞ்சத்தின் பெயரையே சூட்டியது நன்றிகெட்ட செயல்.

சிலர் கேட்பார்கள்: இப்போதுதான் எல்லாரும் சிறுதானியம் சாப்பிடுகிறார்களே, ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததே, தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே என்று. ரேஷன் ஏற்பாட்டை மனதார வரவேற்கிறேன். ஆனால் பட்டணத்தில் சாமை விற்கப்படும் விதம் எனக்கு உவப்பில்லை. சர்க்கரை நோய்க்கு நல்லது, எடை குறையும், நார்ச்சத்து. வக்கில்லாதவன் சோறு போய் நோயாளியின் சோறு ஆகியிருக்கிறது. முன்பு வறுமைக்காக முகம் சுளித்துத் தின்றதாகச் சொன்னார்கள், இப்போது டாக்டருக்காக முகம் சுளித்துத் தின்கிறார்கள். பெர்னில் ரோஸ்டியை யாரும் மருந்தாகத் தின்னவில்லை. மொச்சைக் குழம்போடு களி நன்றாக இருக்கிறது. சாப்பிட அந்த ஒரு காரணம் போதாதா?

ஏற்காட்டின் ஓட்டல் மெனுக்களைப் புரட்டிப் பாருங்கள். கோபி மஞ்சூரியன் உண்டு, பனீர் பட்டர் மசாலா உண்டு. சீனமும் பஞ்சாபும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்துவிட்டன. மாரமங்கலத்துச் சாமை அதே மலையில் இருந்தும் வந்து சேரவில்லை. வருகிறவர்கள் கேட்பதில்லை என்று ஓட்டல்காரர்கள் சொல்லலாம். பலகையில் எழுதாததை யார் கேட்பார்கள்? நான் கேட்டது கொதிக்கிற வாசனை வந்ததால்.

அந்த அக்காவிடம் சாமை எங்கே வாங்குகிறீர்கள் என்று விசாரித்தேன். வாங்குவதில்லையாம். “எங்க அத்தை காட்டுல வெளைஞ்சதுங்க. இந்தப் பக்கம் அவங்க ஒருத்தருதான் இன்னும் போடுறாங்க. எழுபது வயசாச்சு. போன வருசமே போதும்னாங்க. வெதை மட்டும் ரெண்டு படி மொடாவுல வச்சிருக்காங்க.”

அடுத்த ஆடியில் விதைப்பார்களா என்று கேட்டேன். கல்லாவிலிருந்து டீக்கான சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்: “வேணும்னு யாராச்சும் கேட்டா போடுவாங்க சார்.”