மாநாடு போடறதுக்கா சங்கம்?

நகரங்களோட உருவத்தை ஆராயறவங்களுக்குன்னு உலக அளவுல ஒரு சங்கம் இருக்கு. ஆங்கிலப் பேரோட முதலெழுத்துக்களைச் சேர்த்து ஐசஃப்னு கூப்பிடுவாங்க. தெரு ஏன் இப்படி வளையுது, மனை ஏன் ஒடுக்கமா நீளமா கிடக்கு, ஒரு வீட்டு மாதிரியிலிருந்து அடுத்த வீட்டு மாதிரி எப்படி வந்தது, இதெல்லாம்தான் அவங்க சமாச்சாரம். தமிழ்ல நகர உருவியல்னு வெச்சுக்கலாம். நான் கட்டடக்கலை படிச்சவனும் இல்ல, புவியியல் வாத்தியாரும் இல்ல. பழைய வரைபடம் கையில கிடைச்சா சோறு தண்ணி மறந்து உட்கார்ந்திருக்கிற கேஸ். அந்த ஒரே தகுதியில இவங்களோட ஒரு சண்டை இருக்கு.

இந்த மாதிரி ஒரு சங்கத்தை நடத்தறதுன்னா முதல் வேலை மொழிபெயர்ப்பு. மாநாடெல்லாம் அதுக்கு அப்புறம்தான். நடக்கறது என்னவோ தலைகீழா இருக்கு.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, இந்தத் துறை பிறந்த கதை அப்படி. 1959-ல் சவேரியோ முராத்தோரிங்கிற இத்தாலியக் கட்டடக் கலைஞர் வெனிஸ் நகரத்தை வீடு வீடா, வளாகம் வளாகமா அலசி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். அடுத்த வருஷமே, 1960-ல், இங்கிலாந்துல எம்.ஆர்.ஜி. கான்சன் ஆல்னிக்ங்கிற சின்ன ஊரைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். (அந்த ஊர்க் கோட்டையை நீங்க ஹாரி பாட்டர் முதல் ரெண்டு படத்துல பார்த்திருப்பீங்க.) ரெண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்: ஊர் எப்படி வளருது? ஆனா ஒருத்தர் இத்தாலியன், இன்னொருத்தர் ஆங்கிலம். ரெண்டு பள்ளியும் பல வருஷம் தனித்தனித் தண்டவாளத்துல ஓடுச்சு. பிரான்ஸுல வெர்சாய் பக்கம் மூணாவதா ஒரு குழு. இந்த மூணையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவரத்தான் 1994-ல் சுவிட்சர்லாந்தின் லொசான்ல கொஞ்சம் பேர் கூடினாங்க. 1997-ல் சங்கத்தோட பத்திரிகை வந்தது. ஆன் வெர்னே மூதோன் முதல் இதழ்லயே இந்த மூணு பள்ளிகளையும் பத்தி எழுதினார்.

ஆக, சங்கம் பிறந்ததுக்குக் காரணமே மொழிச்சுவர். அதை இடிச்சாங்களா? எல்லாரும் ஆங்கிலத்துக்கு வந்து சேருங்கன்னு ஒரு கதவு வெச்சாங்க, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்க. முராத்தோரியின் சீடர் கனிஜ்ஜா, மஃபேயோட சேர்ந்து எழுதின புத்தகம் 1979-ல் வந்தது. ஆங்கிலத்துல கிடைக்க 2001 ஆச்சு. பனெராய், காஸ்டெக்ஸ், தெபோல் மூணு பேரும் சேர்ந்து, ஐரோப்பிய நகரத்துல தெருவை ஒட்டின கட்டட வளாகம் எப்படிக் காணாமப் போச்சுன்னு பிரெஞ்சுல எழுதினது 1977. ஆங்கிலத்துல 2004. எதிர்த் திசை இன்னும் மோசம். கான்சனோட ஆல்னிக் புத்தகம் சீனத்துல வந்தது 2011, இத்தாலியன்ல 2012. அரை நூற்றாண்டு! கான்சன் 2000-லேயே காலமாயிட்டார். ரெண்டையும் பார்க்கல.

இத்தனைக்கும் கான்சன் யாரு? பெர்லின்காரர். நாஜிகள் வந்ததும் 1933-ல் இங்கிலாந்துக்குப் போனவர். அவரோட பேர் சொன்னாலே ஞாபகம் வர்ற கருத்துகள்ல ஒண்ணு நகரைச் சுத்தின விளிம்பு வளையம். நகர வளர்ச்சி கொஞ்ச காலம் தேங்கும்போது அப்போதைய ஓரத்துல ஆஸ்பத்திரி, கல்லறை, பூங்கான்னு இடத்தை அடைக்கிற சங்கதிகள் வந்து உட்காரும். பிறகு நகரம் அதைத் தாண்டிப் போயிடும், வளையம் உள்ளேயே மாட்டிக்கும். இந்தக் கருத்தை 1936-ல் பெர்லினை வெச்சு ஜெர்மன்ல எழுதினவர் ஹெர்பர்ட் லூயிஸ். கான்சனுக்கு ஜெர்மன் தாய்மொழிங்கறதால அதுக்கு ஆங்கிலத்துல பேர் வெச்சு வளர்த்தார். அவருக்கு ஜெர்மன் தெரியாம இருந்திருந்தா? நினைச்சுப் பாருங்க.

அவரோட இன்னொரு கருத்து, தெருப் பக்கம் வீடும் பின்னால தோட்டமுமா இருக்கிற நீள மனை, காலப்போக்குல பின்பக்கம் கட்டிக் கட்டி நிரம்பி, கடைசியில இடிபட்டுக் காலியாகற சுழற்சி. கொல்லையில ஒவ்வொரு போர்ஷனா எழுப்பி வாடகைக்கு விட்டதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒண்டுக்குடித்தனம் இருந்த நம்ம ஆளுங்களுக்கு ஒரு வரி போதும். ஆனா அந்த ஒரு வரி தமிழ்ல வேணும்ல?

"ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும், எதுக்குங்க வீண் வேலை"ன்னு கேட்பீங்க. பிரச்சினை அங்கதான். கனிஜ்ஜா சொல்ற 'திப்போ'வை ஆங்கிலத்துல 'டைப்'னு போட்டா, அலமாரியில அடுக்கி லேபிள் ஒட்டற வகைன்னு புரிஞ்சுக்கறாங்க. அவர் சொன்னது வேற. வீடு கட்டறதுக்கு முன்னாடியே கட்டறவன் மனசுல, யாரும் சொல்லித்தராமலே இருக்கிற வீட்டு உருவம் அது. பெரிய கொத்தனார் காகிதமே இல்லாம "ரெண்டு பத்தி, நடுவுல முற்றம்"னு ஆரம்பிப்பாரே, அது. இந்த வித்தியாசம் போச்சுன்னா மொத்தத் தத்துவமும் போச்சு. மெஷினே மொழிபெயர்க்குதேன்னு சொல்றவங்களுக்கும் இதேதான் பதில். மெஷினும் 'டைப்'னுதான் போடும்.

இது வெளியில நின்னு நான் எறியற கல் இல்ல. பத்திரிகையை 1997-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல சுமந்த ஜெரமி வைட்ஹேண்டே 2005-ல் இந்த நோய்க்கு 'ஆங்கில மாறுகண்'ங்கற மாதிரி ஒரு பேர் வெச்சுக் கட்டுரை எழுதினார். பர்மிங்ஹாம்ல உட்கார்ந்துக்கிட்டு ஒரு ஆங்கிலேயரே சொன்னது! 2021-ல் மறைஞ்ச அந்த மனுஷனுக்கு என் வணக்கம். இப்படி யாராவது ஒருத்தர் முதுகுலதான் இந்தச் சங்கங்கள் எல்லாம் ஓடுது, அது தனிப் புலம்பல்.

மாநாடே வேண்டாம்னு சொல்லல சாமி. 2007-ல் பிரேசிலின் ஊரு பிரேட்டோ, 2009-ல் குவாங்சோ, 2016-ல் நான்ஜிங்னு போனாங்க, நல்லது. ஊரைக் கால்ல நடந்து பார்க்கறதுக்கு ஈடு ஏது. ஆனா பதினஞ்சு நிமிஷம் ஸ்லைடு ஓட்டிட்டு டீ குடிக்கப் போறதுல முராத்தோரி யாருக்கும் புரிஞ்சுடப் போறதில்ல.

மொழிபெயர்த்தா பேராசிரியருக்குப் பதவி உயர்வுல பெரிசா மார்க் விழாது, கட்டுரை எழுதினா விழும். அதனாலதான் தனி ஆள் யாரும் தொட மாட்டாங்க, அதனாலதான் சங்கம் தொடணும். மாநாட்டுக் கட்டணத்துல ஒரு பங்கை எடுத்து வெச்சு வருஷத்துக்கு ஒரு புத்தகம். 1991-ல் ஜோன்ஸும் லார்க்கமும் போட்ட கலைச்சொல் தொகுப்பு ஆங்கிலத்துல இருக்கு, அதை அடித்தளமா வெச்சுப் பன்மொழி அகராதி. வழி இல்லாமலும் இல்ல. 2010-ல் போர்த்துகீசியம் பேசறவங்க நாட்டை வெச்சு இல்லாம மொழியை வெச்சே ஒரு கிளை வலையமைப்பு தொடங்கினாங்க. போர்ச்சுகலும் பிரேசிலும் ஒரே மேஜை. 2013-லிருந்து அவங்களுக்குன்னு ஒரு பத்திரிகையும் வந்தது. அதுல எழுதறவங்க யாருகிட்டயும் ஆங்கிலத்துக்கு அனுமதி கேட்கல.

கலைச்சொல்னா பின்னூட்டத்துல வரிஞ்சு கட்டற கூட்டம் நாம. விளிம்பு வளையம் எனக்கே திருப்தியா இல்ல, வேலி மாதிரி தொனிக்குது. மேல சொன்ன நீள மனைக்கும் ஒத்தைச் சொல் வேணும். உங்க ஊர்ல என்ன சொல்வாங்கன்னு எழுதுங்க. கோயம்புத்தூர், நாகர்கோவில், யாழ்ப்பாணம் ஆளுங்க கண்டிப்பா வரணும்.