பெண்ணாய்ப் பெற்றது யார் குற்றம்?

ஒரு ஸ்திரீ மூன்றாவது பிரசவத்திலும் பெண்ணையே பெற்றுவிட்டால் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், புருஷன் பிள்ளையைப் பார்க்க வராமலிருப்பதும், சோதிடன் அவள் ஜாதகத்தில் தோஷம் என்பதும், சட்டத்துக்குப் பயந்தும் பயப்படாமலும் சிலர் இரண்டாந்தாரம் தேடுவதும் நாம் அறியாத சங்கதியல்ல. ஆண் பிள்ளைக்காக அரச மரத்தைச் சுற்றுகிறவளும் அவளே; மண்சோறு தின்கிறவளும் அவளே.

உடற்கூறு சொல்வதென்ன? மனித உயிரணுவில் சாதாரணமாக 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள் உண்டு. அவற்றில் ஒரு ஜோடிதான் ஆண், பெண் என்பதைத் தீர்மானிப்பது. பெண்ணுக்கு அந்த ஜோடியில் இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், மற்றொன்று அதைவிடச் சிறிய ஒய். முட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது ஜோடிக்கு ஒன்றாகப் பிரிகின்றன. ஆகவே தாயின் முட்டையில் இருப்பது எக்ஸ்தான். கொடுப்பதற்கு அவளிடம் வேறில்லை. தகப்பனின் விந்தணுக்களிலோ ஏறக்குறையப் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எது முந்தும் என்பது அவன் இஷ்டத்திலுமில்லை. குற்றம் என்று பேச இடமேயில்லை. பேசித்தான் தீருவோமென்றால் விரல் நீட்ட வேண்டிய பக்கம் வேறு. (பறவைகளில் இது தலைகீழ். மாமியார்கள் வேண்டுமானால் பெட்டைக் கோழியை வையலாம்.)

இந்த உண்மையை 1905-ல் மாவுப்புழு வண்டுகளை அறுத்துப் பார்த்து வெளியிட்டவர் அமெரிக்காவில் ஒரு தச்சரின் மகளான நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற ஸ்திரீ. மனிதருக்கும் இதே முறைதான் என்பது பின்னர் உறுதிப்பட்டது.

நமது சாஸ்திரத்துக்கு வருவோம். மனுதர்மம் 3-வது அத்தியாயம் 48-வது சுலோகம், இரட்டைப்படை இரவில் சேர்ந்தால் ஆண், ஒற்றைப்படை இரவில் பெண் என்கிறது. அடுத்த சுலோகமே, புருஷன் வீரியம் மிகுந்தால் ஆண், ஸ்திரீயினுடையது மிகுந்தால் பெண் என்கிறது. இரண்டில் எதை நம்புவது? 9-வது அத்தியாயம் 81-வது சுலோகமோ, பெண்ணையே பெறுகிறவள் இருக்கப் பதினோராம் ஆண்டில் வேறொருத்தியைக் கட்டலாம் என்கிறது. இரவை எண்ணத் தவறியவர்கள் இருவர், தண்டனை ஒருத்திக்கு!

பும்சவனம் என்றொரு சடங்கும் உண்டு. மூன்றாம் மாத வாக்கில் ஆலமொட்டை அரைத்துக் கர்ப்பிணியின் வலது நாசியில் சாறு விட்டு, ஆண் பிறக்க மந்திரம் சொல்வது. எக்ஸா ஒய்யா என்பது கருத்தரித்த கணத்திலேயே முடிந்துபோன காரியம். தபால் போய்ச் சேர்ந்தபின் விலாசம் திருத்துகிறார் புரோகிதர். ஆனாலும் பாதிப்பேருக்கு ஆண்தானே பிறக்கும்? அவர்கள் மந்திரம் பலித்தது என்பார்கள். மற்றப் பாதிப்பேருக்குத் தட்சணை திரும்பி வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நிற்க. இது வெறும் சிரிப்புக் காரியமன்று. பெண் சிசுவைக் கொல்லாமல் கொண்டுவந்து போடுங்கள் என்று 1992-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் சேலத்தில் தொட்டில் வைக்க நேர்ந்தது. அரச மரம் செய்யாததை ஸ்கேன் யந்திரம் செய்யத் தொடங்கியதால், கருவின் பால் பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. அப்படியும் 2001 ஜனக்கணக்கில், இந்தியாவில் 6 வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000-க்குப் பெண் குழந்தைகள் 927 தான்.

தோழர்கள் ஊர்தோறும் கூட்டம் போடும்போது ஒரு கரும்பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் கொண்டுபோய், மாமியார்களையும் மாப்பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்காரவைத்து, இந்த எக்ஸ், ஒய் கணக்கைப் போட்டுக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். பத்து நிமிஷ வேலை.