கணிப்பொறிக்குள் ஒரு துபாஷி

புதுச்சேரியின் கதிர்காமத்தில் என் மேஜை மீது 15 வருஷமாக வீற்றிருக்கும் இன்டெல் கணிப்பொறியைத் தள்ளிவிட்டு, ஆர்ம் பிராசசர் பொருத்திய மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்கும்படி என் தங்கை மகன் சென்ற மாதம் வற்புறுத்தினான். மின்சாரம் மிச்சம், சூடேறாது, விசிறி இரையாது என்று அவன் அடுக்கிய குணங்கள் யாவும் சத்தியமே. ஆயினும் யூனிகோடு வழக்கத்துக்கு வருமுன்னர், தொண்ணூறுகளில், 16 பிட் தமிழ் மென்பொருள் ஒன்றில் நான் தட்டச்சு செய்துவைத்த கட்டுரைகளை அவன் மறந்துவிட்டான். 64 பிட் விண்டோஸ் அம்மென்பொருளை வாசலிலேயே நிறுத்திவிடுமாதலால், கணிப்பொறிக்குள் மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து, அதில் பழைய 32 பிட் விண்டோஸைக் குடியேற்றி, அவற்றைத் திறந்து வாசிப்பதே என் வழக்கம்.

“அதைப் புதுக் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்களேன், மாமா” என்றான்.

அங்கேதான் சூட்சுமம். மெய்நிகர்க் கணினி, பெயர் எவ்வளவு மாயையாக ஒலித்தாலும், வீட்டுக்காரப் பிராசசரின் மீதே நேரடியாக ஓடுவது; 2005-இல் இன்டெல் தன் பிராசசர்களிலேயே இதற்கு வசதி செய்தபின், விருந்தாளி ஏறக்குறைய வீட்டுக்காரனின் வேகத்திலேயே நடமாடுகிறான். ஆனால் இருவர் பாஷையும் ஒன்றாயிருத்தல் அவசியம். 1978-இல் வந்த 8086-இன் ஆணைகள் இன்றைய இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் விளங்கும்; ஆர்மோ வேறு குலம். அங்கே கியூஎமு போன்றதொரு மென்பொருள் நடுவில் நின்று ஆணைகளையெல்லாம் மொழிபெயர்த்தாக வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாயிருந்த ஊரில் துபாஷியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை; எனினும் நேரில் பேசி முடிக்கும் காரியம் துபாஷி வழியே போகையில் தாமதிக்கும். அவன் தன் மடிக்கணினியில் அமைத்தே காட்டினான். விண்டோஸ் விழித்தெழுவதற்குள் என் காபி ஆறிவிட்டது.

(ஆர்மைப் புதிது என்பதிலும் எனக்கு ஆட்சேபம் உண்டு. அதன் முதல் சில்லு கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனத்தில் பிறந்தது 1985-இல். 8086-க்கு ஏழே வயது இளையது. சென்னை ஐஐடியின் சக்தி பிராசசருக்கு ஆதாரமான, 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் வேண்டுமானால் புதிது.)

பூர்வஜன்ம பந்தம் ஏதுமின்றித் தொடங்கும் காரியத்துக்கு, லினக்ஸில் ஓடும் இணையதளத்துக்கு என்று வைத்துக்கொள்வோம், ஆர்ம் மெய்நிகர்க் கணினியை வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் சிக்கனமே. அமேசான் 2018 முதல் கிராவிட்டான் என்ற தன் சொந்த ஆர்ம் பிராசசரிலேயே அவற்றை வாடகைக்கு விடுகிறது. என் கட்டுரைகளின் கதை வேறு. அவை முழுவதும் யூனிகோடுக்கு மாறும்வரை பழைய இன்டெல் மேஜையை விட்டு இறங்காது. இதுவரை 11 மாறியிருக்கின்றன.